சமதரையில் நிறுத்திக் காட்டிய வண்டி

போன மாதம் உங்கள் பட்டறை வாசலில் ஒரு காரை நிறுத்தி, "எப்படி சார் இருக்குது நம்ம வேலை?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். "பெருசுக்குப் புதுசா எது செஞ்சாலும் ஆவாது" என்று பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. இப்போது உங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இனிமையான பணி அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். இனிமையானவை வேறு பலரிடம் கிடைக்கும். என்னிடம் இருப்பது அன்று வாசலில் சொல்லாமல் விட்ட பதில்தான்.

அந்தக் காரின் கூரையை அறுத்து எடுத்திருந்தீர்கள். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருந்தீர்கள். இன்ஜினுக்கும் ஏதோ செய்து வேகத்தைக் கூட்டியிருந்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் கதவில் கை வைத்ததும் உங்களில் ஒருவர் பெருமையோடு சொன்னார்: "வளைவுல கதவு மட்டும் கொஞ்சம் ஆடுச்சு சார். டபுள் லாக் போட்டு அடக்கிட்டோம்."

அடக்கிவிட்டீர்களாம்! அந்தக் கதவு ஏன் ஆடியது என்று உங்களில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்கிறது என்று அது உங்களிடம் முறையிட்டது. முறையிட்டவன் வாயைக் கட்டிவிட்டு, கட்டிய கயிற்றை எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டீர்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி உங்கள் மேல். மற்றப் பாதி யார் மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதராஸில் மோட்டார் இன்ஜினீயரிங் படித்து, அங்கேயே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகி, இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சற்று முன்பு தருமபுரிக்குத் திரும்பினேன். அப்போது இது சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. மதராஸில் எனக்கு மேலே ஒரு போர்மேன் இருந்தார். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் எந்த வண்டியையும் சமதரையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல விடமாட்டார். ஒரு சக்கரத்தை மட்டும் கருங்கல் மேல் ஏற்றி நிறுத்தச் சொல்வார். பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடச் சொல்வார். கதவு இடித்தாலோ சிக்கினாலோ சேசிஸ், அதாவது அடிச்சட்டம், முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். "சமதரையில நின்னா எல்லா வண்டியும் யோக்கியம்தாண்டா. ரோடு என்ன சமதரையா?" என்பார்.

இதை நான் அவரிடம் நன்றாகவே கற்றிருந்தேன். விஷயம் தெரியாமல் செய்துவிட்டார் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேச இடம் வைக்கக் கூடாது என்பதற்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தருமபுரியில் எனக்கு வேலை கொடுத்த முதலாளிக்கு இரண்டு பஸ்களும் வாடகைக்கு விடுகிற ஒரு காரும் இருந்தன. கார், அமெரிக்காவிலிருந்து வந்த மூடிய வண்டி. துணிக் கூரை வண்டிகளையே பார்த்துப் பழகிய ஊரில் அதன் இரும்புக் கூரை பெரிய அதிசயம். வக்கீல்களும், பெரிய நிலக்காரர்களான மிட்டாதார்களும் மழையிலும் வெயிலிலும் அதைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் கல்யாணத்துக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை அழைப்பு என்றால், கோயிலிலிருந்து பெண் வீடு வரை மேளத்தோடும் காஸ்லைட்டோடும் மாப்பிள்ளை ஊர்வலமாக வர வேண்டும். அவரை ஊர் பார்க்க வேண்டும். மூடிய காருக்குள் உட்கார்ந்தால் யார் பார்ப்பது? முகூர்த்த மாதம் வந்தால் சேலத்திலிருந்து ஒரு திறந்த கார் வந்து எல்லாக் கல்யாணங்களையும் பிடித்துக்கொண்டு போகும். முதலாளி அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

"அறுத்துடுங்க இஞ்சினீரே" என்றார் ஒருநாள்.

"எதைங்க?"

"மேல கெடக்குற தகரத்தத்தான். சனங்களுக்கு மாப்பிள்ளயப் பாக்கணுமாம். காட்டிட்டாப் போவுது."

அவர் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி முறுக்கிக் காட்டினேன். மேலுறையோடு இருந்தவரை அது அசையவில்லை. குச்சிகளைக் கொட்டிவிட்டு, உள்பெட்டியை மட்டும் உருவி முறுக்கினேன். துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது.

"இந்த வண்டியோட பலத்துல பாதி கூரையில இருக்குதுங்க. திறந்த வண்டி செய்யறவன் அடிச்சட்டத்தைக் கனமாப் போட்டுச் செய்வான். இதைச் செஞ்சவன் கூரையை நம்பி அடியை இளைக்க விட்டுட்டான். கூரை போனா மிச்சம் வெறும் உள்பெட்டிதான்."

முதலாளி கீழே சிதறிய குச்சிகளைப் பார்த்தார். "ஏனுங்க, ஒரு பொட்டிக் குச்சியக் கொட்டிப்புட்டு எனக்குப் பாடம் நடத்தறீங்களா? என் வண்டி இரும்புங்க. காயிதத்துல செஞ்சதில்ல."

அன்று பொழுது சாயும்வரை வாதாடினேன். மறுநாள் ரம்பத்தை எடுத்து அறுத்ததும் நான்தான். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் வருவதற்கு நான் பொறுப்பில்லை என்று மனசுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. இதே சமாதானத்தை உங்களில் பலரிடமும் பார்க்கிறேன். 'கஸ்டமர் கேட்டாரு, நாங்க செஞ்சோம்' என்கிறீர்கள். ரம்பம் கஸ்டமர் கையிலா இருந்தது?

அந்தக் காரின் டிரைவர் மாதையன். ஏரியூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குடித்தே செத்த தகப்பனைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் கள்ளையும் சாராயத்தையும் கண்டால் பத்தடி தள்ளி நடப்பார். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கடைகளை மூடிய அன்று அவர் மனைவி மாதம்மா, கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போர்மேனின் கல் சோதனையைப் பஸ்களுக்குச் செய்து பார்த்தபோது, கல்லைத் தூக்கி வந்து சக்கரத்தடியில் வைத்தவர் அவர்தான். அது எதற்கு என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.

கூரை போன வண்டிக்கு முதல் கல்யாணம் நல்லம்பள்ளியில். ஊர்வலம் நடையோடு நடையாகப் போகிறது, ஒரு குறையும் தெரியவில்லை. பெண் வீட்டு வாசலில் நிறுத்தும்போது முன்சக்கரம் ஒன்று சாக்கடை ஓரத்தில் இறங்கி நின்றது. மாப்பிள்ளை இறங்க வேண்டும். கதவு வரவில்லை. இந்தப் பக்கம் இழுத்தார்கள், அந்தப் பக்கம் இழுத்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்த உருப்படியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள, பொண்ணப் புடிக்கலயா? எறங்க மாட்டேங்கறாரு!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"வண்டிக்குத்தான் மாப்பிள்ளயப் புடிச்சுப்போச்சு, வுடமாட்டேங்குது!" என்றாள் இன்னொருத்தி.

கடைசியில் அவர் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் தாண்டிக் குதித்தார். தாலுகா முழுக்க அந்தக் கதை பரவியது. முதலாளிக்குக் கேலி கூடப் பொறுத்தது. சிக்கிய கதவு, மறுவாரம் பென்னாகரம் ரோட்டு வளைவில் தானாகத் திறந்துகொண்டதுதான் பொறுக்கவில்லை. "அபசகுனம் புடிச்ச கதவு. அத அடக்குங்க" என்றார்.

அடக்கினேன். வீட்டுக் கதவுக்குப் போடுகிற மாதிரி, தடித்த இரும்புத் தாழ்ப்பாள்களைக் கதவுகளுக்குப் போட்டேன். வண்டியின் நடுவில், கதவுகளுக்கு நேர் கீழே, அடிச்சட்டத்தோடு சேர்த்து நீளமாக ஓர் இரும்புப் பட்டையை வைத்துத் துளை போட்டு முறுக்கினேன். கதவு ஆட்டம் நின்றது. முதலாளி எனக்கு வேட்டியும் சட்டைத் துணியும் எடுத்துக் கொடுத்தார்.

நான் செய்தது என்ன என்று இளைஞர்களாகிய நீங்கள் கவனமாகப் பாருங்கள். நடுப்பகுதியை இறுக்கினேன். முறுக்கல் ஒழிந்துவிடவில்லை. அதில் பெரும்பகுதி, என் பட்டை எங்கே முடிந்ததோ அங்கே போய்ச் சேர்ந்தது. அது முடிந்த இடம் ஸ்டீயரிங் பெட்டி பொருத்தியிருந்த இடம். போதாததற்கு, அடிச்சட்டத்தின் மேல் விளிம்பில், எந்த இடத்தில் துளை போடவே கூடாது என்று போர்மேன் என்னைத் திட்டியிருந்தாரோ அந்த இடத்தில், கை எட்ட வசதியாக இருக்கிறது என்று துளை போட்டிருந்தேன். கதவில் இருந்த வியாதியை டிரைவரின் கைக்கு விரட்டிவிட்டு, குணமாகிவிட்டது என்றேன்.

கூரை போனதால் எடை குறைந்தது. இன்ஜினையும் நான் திருத்தியிருந்தேன். பென்னாகரம் ரோட்டில் நம் வண்டியை முந்த ஒருவனும் இல்லை என்று முதலாளி சந்தையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். முகூர்த்த நாளில் ஓர் ஊரில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் பறக்க வேண்டும். மாதையன் ஒருநாள் பட்டறைக்கு வந்து, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாமி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நேர் ரோட்டுல ஒரு தொந்தரவும் இல்லீங்க. வளைவுல ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்குச்சுன்னா, ஸ்டேரிங் எங் கையில தானா திரும்புதுங்க. நான் திருப்பல, அதுவா திரும்புது. புடிச்சு நேர் பண்றதுக்குள்ள அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுக்குது. பாக்குறவங்க, குடிச்சுப்புட்டு ஓட்றானோன்னு நெனைப்பாங்க."

"வேகத்தைக் குறைச்சு ஓட்டுங்க."

"கொறச்சா மொதலாளி வையறாரு. நீங்க ஒரு சொல்லு அவருகிட்ட..."

"மாதையன், நான் ஓட்டிப் பாத்தேன். வண்டியில ஒண்ணுமில்ல. கை பழகணும். அவ்வளவுதான்."

நான் ஓட்டிப் பார்த்தது உண்மை. சேலம் ரோட்டில், நேரான, நல்ல இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். அவர் "சரிங்க" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பத்து வருஷம் வண்டி ஓட்டிய ஒருவரிடம் கை பழக வேண்டும் என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே தகுதி மதராஸ் சர்டிபிகேட். இன்று உங்கள் பட்டறையில் ஓட்டுகிறவர் வந்து குறை சொன்னால், "வண்டி பக்கா, நீ ஓட்டுறதுலதான் இருக்குது" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கே கற்றீர்கள் இந்தத் திமிரை? எங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

அந்த வைகாசியில் ஒரு பிற்பகல், பென்னாகரத்தில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையின் தாய்மாமனையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு மாதையன் வேகமாக வந்திருக்கிறார். அடுத்த ஊர்வலத்துக்கு நேரமாகிவிட்டது என்று முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். ஒரு வளைவில் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடி, ரோடு போடக் குவித்திருந்த ஜல்லிமேட்டில் ஏறிப் புளியமரத்தில் மோதி நின்றது. உயிர் போகவில்லை. தாய்மாமனின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மாதையனுக்கு விலா எலும்பு.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்ததும் நான் அடியில் படுத்துப் பார்த்தேன். என் பட்டை முடிகிற இடத்தில், நான் போட்ட துளையிலிருந்து ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. இப்போது மோதியதில் வெடித்திருந்தால் உள்ளே இரும்பு பளபளவென்று இருக்கும். இந்த வெடிப்புக்குள்ளே துரு இருந்தது. மாதையன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்ற அன்றைக்கே அது அங்கே இருந்திருக்க வேண்டும்.

முதலாளி என் பக்கத்தில் குந்தினார். "என்னாங்க தெரியுது?"

சொன்னேன்.

அவர் குனிந்து அந்த வெடிப்பைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்: "இது நீங்க செஞ்ச வேலைங்க. வண்டில தப்புன்னா எம்பேரு கெடும். கூடவே உங்க பேரும் கெடும். மதராஸுல படிச்ச இஞ்சினீருன்னுதான பொண்ணு குடுக்கறாங்க? ஆவணில கலியாணம். யோசிச்சுக்குங்க."

தாய்மாமன் வீட்டார், வண்டி தள்ளாடியதைப் பார்த்ததாகவும், டிரைவர் குடித்திருந்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். மதுவிலக்கு இருந்த ஜில்லாவில் அது லேசான வார்த்தை இல்லை, ஜெயில். நல்ல வேளையாக, பென்னாகரத்து டாக்டர் வாடையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஜெயில் தப்பியது. மிச்சம் ஒரே கேள்வி. வண்டியில் கோளாறு இருந்தால் மாதையனின் லைசென்ஸ் பிழைக்கும். வண்டி நன்றாக இருந்தது என்றால், குற்றம் ஓட்டியவர் மேல். அந்த லைசென்ஸைத் தவிர அந்த மனுஷருக்கு வேறு சொத்து இல்லை. நிலம் இல்லை, மாடு இல்லை.

வண்டியைப் பார்க்கச் சேலத்திலிருந்து மோட்டார் இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார்கள். அவர் வருமுன் நான் இரண்டு காரியம் செய்தேன். வெடிப்பின் மேல் கிரீஸையும் மண்ணையும் குழைத்துப் பூசினேன். வண்டியைப் பட்டறைக்குள், சிமெண்டுத் தரையில், நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்தினேன். சமதரையில் எல்லா வண்டியும் யோக்கியம்தான் என்று எனக்குப் பாடமாயிற்றே! ஏமாறாமல் இருக்கக் கற்ற வித்தையைக் கொண்டு ஏமாற்றினேன். படிக்காதவன் இதைச் செய்திருக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தார். கதவுகளைத் திறந்து மூடினார். தாழ்ப்பாள்கள் வெண்ணெயாக நழுவின. ஸ்டீயரிங்கைத் திருப்பினார். மோதி நசுங்கியதைத் தவிர வேறு ஒரு குறையும் தெரியவில்லை. மாதையன் மார்பில் கட்டோடு கதவோரம் நின்றிருந்தார்.

"சாமி," என்றார் இன்ஸ்பெக்டரிடம், "ஒரே ஒரு தடவ, ஒரு சக்கரத்துக்குக் கீழ கல்லு வெச்சு அந்தக் கதவத் தொறந்து பாருங்க. இஞ்சினீரு சாமிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அவரக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாதையனும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. நான் ஆமாம் என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் இங்கிலீஷில் பேசினேன். மோதி அடிபட்ட வண்டியில் அப்படிச் சோதித்தால் எதுவும் தெரியாது என்றும், அது முறையான சோதனையே அல்ல என்றும், இந்த டிரைவருக்கு வேகம் அதிகம் என்றும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். நாங்கள் இரண்டு பேரும் மரியாதையான மொழியில் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். யாருடைய சோற்றைப் பற்றிப் பேசினோமோ அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

"என்னாங்க சொன்னாரு?" என்று அவர் முதலாளியைக் கேட்டது என் காதில் விழுந்தது.

"பாத்தாச்சுன்னு சொன்னாரு. வூட்டுக்குப் போ."

லைசென்ஸ் போயிற்று. குடித்த வழக்கு நிற்கவில்லை என்றாலும் குடிகாரன் என்ற பேர் நின்றுவிட்டது. கிணற்றடியில் மாதம்மாவை, கற்பூரம் ஏற்றியவள் புருஷனே குடித்துவிட்டு வண்டியை மரத்தில் ஏற்றினான் என்று பேசினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வண்டியைச் சரிசெய்தேன். வெடிப்பைப் பற்றவைத்து, அதன் மேல் இன்னொரு பட்டை போட்டு, வர்ணம் அடித்தேன். கூரை இல்லாமலேயே அது மறுபடி ஓடியது, வேறு டிரைவரோடு.

ஆவணியில் என் கல்யாணம். முதலாளி தம் பரிசாக, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகை இல்லாமல் காரை அனுப்பினார். எந்தக் காரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை என்னால் சொல்ல முடியாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற வேளையில், மாலையும் பட்டுமாக, நான் அறுத்த காரில் ஏறி உட்கார்ந்தேன்.

மேளம் முன்னால் போயிற்று. இருபுறமும் காஸ்லைட்டைத் தலையில் சுமந்த கூலிகள் நடந்தார்கள். வண்டியின் முன்சக்கரத்தை ஒட்டி நடந்தவரின் முகம் விளக்குக்குக் கீழே இருட்டில் இருந்தது. புது டிரைவர் தெரு ஓரமாக ஒதுக்கியபோது அந்த இருட்டிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நடு ரோட்டுலயே வுடு. ஓரத்துல பள்ளம் கெடக்குது. எறங்குச்சுன்னா இழுக்கும்."

மாதையனின் குரல். வண்டி ஓட்ட முடியாதவருக்கு எங்கள் ஊரில் கிடைத்த கூலி வேலை, அந்த வண்டிக்கே விளக்குச் சுமப்பது. நான் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை நேராகத்தானே பார்க்க வேண்டும்.

பெண் வீட்டு வாசலில் கூட்டம். டிரைவர் ஆரத்தி எடுக்க வசதியாக நெருக்கி நிறுத்தினான். இடது முன்சக்கரம் சாக்கடை ஓரத்தில் இறங்கியது. என் கைக்கடியில் கதவு ஒரு முனகு முனகியதை உணர்ந்தேன். தாழ்ப்பாளை இழுத்தேன். வரவில்லை. மைத்துனன் வெளியிலிருந்து இழுத்தான். வரவில்லை.

நல்லம்பள்ளிக் கதை எல்லோருக்கும் தெரியும். "வண்டி மாப்பிள்ளய வுடல!" என்று ஒருவன் கத்தினான். "தாண்டுங்க மாப்பிள்ள! வேட்டியக் கட்டிக்கிட்டுத் தாண்டுங்க!" ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். மாமனார் முகம் சுருங்கியது. தாழ்ப்பாளை நான் மறுபடி இழுத்தேன். நான் போட்ட தாழ்ப்பாள். நல்ல வேலை.

மாதையன் குனிந்து, தலையிலிருந்த விளக்கைக் கீழே இறக்கி வைத்தார். சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு கருங்கல்லைப் புரட்டி எடுத்தார்.

"நாலு பேரு இந்த மூலையப் புடிங்கப்பா. இன்னும் கொஞ்சம். ஆங், தூக்கு."

தூக்கினார்கள். கல்லைச் சக்கரத்தடியில் காலால் தள்ளினார். "வுடு." வண்டி சமமாக நின்றது. அவர் கதவருகே வந்தார். விளக்கு கீழே இருந்ததால் இப்போது முகம் தெரிந்தது. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்தவரின் முகம்.

"இப்பத் தொறங்க சாமி," என்றார். "சமமா நின்னாத் தொறந்துக்கும்."

தாழ்ப்பாள் வெண்ணெயாக நழுவியது. கதவு திறந்தது. கூட்டம் கை தட்டியது. நான் இறங்கினேன். அவர் விளக்கை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு, எனக்கு வாசற்படி தெரியும்படி ஒதுங்கி நின்றார்.

இன்ஸ்பெக்டர் பார்க்காமல் விட்டதை அன்று அத்தனை பேரும் பார்த்தார்கள். என்ன பார்த்தோம் என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இரண்டே பேர். ஒருவருக்குச் சொல்ல வாய் இல்லை. இன்னொருவருக்கு இருந்தது, இங்கிலீஷிலும் தமிழிலும். சேலத்துக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் நடந்ததைச் சொன்னால் போதும். மறுநாள் காலையில் சேலத்துக்கு பஸ் போயிற்று. எங்கள் பஸ்தான். நான் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. யுத்தம் வந்து பெட்ரோல் தட்டுப்பட்டு, முதலாளி காரை விற்று, மாதையனும் மாதம்மாவும் கோலார்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள் என்று கேள்விப்படும்வரை, தினமும் காலையில் அந்த பஸ் சேலத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

உங்கள் வாசலில் நிற்கும் காருக்கு என் பதில் இதுதான். அந்த டபுள் லாக்கைக் கழற்றுங்கள். ஒரு சக்கரத்தடியில் கல்லை வைத்துக் கதவைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், அந்த வண்டியை ஓட்டப்போகிறவரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே இன்னொரு தடவை இழுத்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள்.